கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டுக்கு விலை பேசும் முன்

"பக்கத்துத் தெருவில் இதைவிட அதிகத்துக்குப் போச்சுங்க" என்று தரகர் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். தமிழகப் பதிவுத்துறை இணையதளத்தில் அந்த மனையின் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்க விவரம் பாருங்கள். கைமாறிய தேதியும் பத்திரத்தில் காட்டிய தொகையும் அதில் இருக்கும். (சிலர் குறைத்துத்தான் எழுதுவார்கள், அது வேறு கதை.) வழிகாட்டி மதிப்பு என்பது முத்திரைக் கட்டணம் போடுவதற்காக அரசு வைத்திருக்கும் அளவுகோல், அதையே சந்தை விலை என்று நினைக்க வேண்டாம்.

அப்புறம் வாடகைக் கணக்கு. அதே மாதிரி வீட்டுக்கு மாதம் 15,000 வாடகை என்றால் வருடத்துக்கு 1,80,000. விலை 90 லட்சம் என்றால் 50 வருட வாடகை! என் கணக்கில் அது ரொம்ப அதிகம்.

"சில்வர் பீச் கிட்டத்தான்" என்பார்கள். சரி, 2015 வெள்ளத்தில் தெருவில் தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்று எதிர்வீட்டில் கேளுங்கள்.