தொலைநிலை, இணையவழிப் பட்டப்படிப்பு: சேர்வதற்கு முன் எதை, எங்கே சரிபார்ப்பது?

வேலைக்குப் போய்க்கொண்டோ வீட்டுப் பொறுப்புகளைக் கவனித்துக்கொண்டோ பட்டம் பெற விரும்புபவர்கள் பெரும்பாலும் கூகுளில்தான் தேடலைத் தொடங்குகிறார்கள். தேடியவுடன் முதலில் வருபவை விளம்பரங்களும் கைபேசி எண்ணைக் கேட்கும் படிவங்களும்தான். அந்தப் படிவத்தை நிரப்பிவிட்டால் ‘ஆலோசகர்’ என்ற பெயரில் யாராவது அழைத்து, இன்றே பணம் கட்டினால் கட்டணத்தில் சலுகை உண்டு என்பார். எனவே, கீழே சொல்லியிருக்கும் படிகளை முடிக்கும்வரை உங்கள் எண்ணை எந்தப் படிவத்திலும் தர வேண்டாம்.

படி 1: பட்டம் எதற்காக என்பதை முடிவு செய்யுங்கள்

பதவி உயர்வு, அரசுப் பணித் தேர்வு, மேற்படிப்பு, சொந்த விருப்பம் என ஒவ்வொரு நோக்கத்துக்கும் சரிபார்க்க வேண்டியவை மாறும். தமிழ்நாட்டில் அரசுப் பணியை எண்ணிப் படிப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முறையாகத் தேர்ச்சி பெற்ற பிறகு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பெற்ற பட்டமே நியமனத்துக்கு ஏற்கப்படும் என்று 2009ஆம் ஆண்டு அரசாணை கூறுகிறது. பிளஸ் டூ முடிக்காதவர்கள் ஆயத்தப் படிப்பு வழியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேர முடியும் என்பது உண்மையே. ஆனால் அவ்வாறு பெறும் பட்டம் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்கு உதவாது என்பதைச் சேரும்போது பலரிடம் யாரும் சொல்வதில்லை. அத்தகையவர்கள் முதலில் தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுதிவிட்டுப் பட்டப்படிப்புக்கு வருவதே பாதுகாப்பான வழி.

தொலைநிலைப் பட்டத்துக்கு மதிப்பு உண்டா என்ற அச்சம் பலருக்கும் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம் தொலைநிலையிலோ இணையவழியிலோ வழங்கும் பட்டம், நேரடி வகுப்பில் பெறும் அதே பட்டத்துக்கு இணையானது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2020ஆம் ஆண்டு விதிமுறைகள் கூறுகின்றன. யுஜிசி 2022இல் இதை மீண்டும் தெளிவுபடுத்தியது. எனவே நமது கவலை முழுவதும் ‘அங்கீகாரம் பெற்ற’ என்ற சொல்லின்மீதே இருக்க வேண்டும்.

படி 2: அந்தப் பாடம் இந்த முறையில் அனுமதிக்கப்பட்டதா என்று பாருங்கள்

பொறியியல், மருத்துவம், பல் மருத்துவம், செவிலியம், மருந்தியல், கட்டடக்கலை, சட்டம், வேளாண்மை, உணவக மேலாண்மை போன்ற பட்டங்களைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ வழங்க அனுமதி இல்லை. முனைவர் பட்டத்துக்கும் இல்லை. 2025ஆம் ஆண்டு ஜூலை-ஆகஸ்டு சேர்க்கைப் பருவம் முதல் உளவியல், நுண்ணுயிரியல், உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியல், உயிரித்தொழில்நுட்பம் ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. ‘வீட்டிலிருந்தே எல்.எல்.பி.’ என்ற விளம்பரத்தைக் கண்டால் மேற்கொண்டு விசாரிக்கவே தேவையில்லை.

படி 3: யுஜிசியின் பட்டியலில் நீங்களே தேடுங்கள்

இந்த ஒரு படிக்கு ஒரு முழு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பணியகத்துக்கு (டெப்) deb.ugc.ac.in என்ற இணையதளம் இருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் படிப்பை நடத்த அனுமதி பெற்றிருக்கிறது என்ற பட்டியலை அதில் பார்க்கலாம். பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறது என்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள், அது போதாது. பல்கலைக்கழகத்தின் பெயர், படிப்பின் பெயர், தொலைநிலையா இணையவழியா என்ற முறை, சேரும் ஆண்டும் பருவமும் ஆகிய நான்கும் ஒரே இடத்தில் பொருந்த வேண்டும். ஒரு பல்கலைக்கழகம் தொலைநிலையில் பி.காம். நடத்த அனுமதி பெற்றிருப்பதால், அதே பல்கலைக்கழகத்தின் இணையவழி எம்.பி.ஏ.வுக்கும் அனுமதி இருக்கிறது என்று கொள்ள முடியாது. சென்ற ஆண்டு இருந்த அனுமதி இந்தப் பருவத்துக்கும் நீடிக்கிறது என்றும் கொள்ள முடியாது. சேர்க்கை, ஜனவரி-பிப்ரவரி, ஜூலை-ஆகஸ்டு என ஆண்டுக்கு இரண்டு பருவங்களில் நடைபெறுகிறது.

பட்டியலில் கண்டதைப் பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்திலும் ஒப்பிட்டுப் பாருங்கள். பி.எட். போன்ற படிப்புகளுக்கு, யுஜிசியின் அனுமதியோடு தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் போன்ற உரிய அமைப்பின் ஒப்புதலும் தேவை என்பதையும் சேர்த்துச் சரிபாருங்கள்.

படி 4: எல்லையும் இடைத்தரகரும்

தொலைநிலைப் படிப்புக்கு எல்லை உண்டு. ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் தனக்கு வகுக்கப்பட்ட ஆள்வரைக்குள் மட்டுமே தொலைநிலைப் படிப்பை நடத்தலாம். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு (இக்னோ) நாடு முழுவதும் உரிமை உண்டு. 2002இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தமிழ்நாட்டுக்குரியது. இணையவழிப் படிப்புக்கு இந்த எல்லை இல்லை. ஆகவே, வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் ‘கல்வி மையம்’ என்று உங்கள் ஊர்க் கடைத்தெருவில் பலகை தொங்கினால், அந்தப் படிப்பு எந்த முறையில் நடக்கிறது என்று கட்டாயம் கேளுங்கள். தனியார் நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்து அவர்கள் வழியாகப் படிப்பை நடத்துவதற்கு விதிமுறைகளில் இடமில்லை. தேர்வு எழுதாமலோ பழைய தேதியிட்டோ பட்டம் வாங்கித் தருவதாகச் சொல்பவர் விற்பது போலிச் சான்றிதழ். அதை அரசுப் பணிக்குக் கொடுத்தால் வழக்கைச் சந்திக்க வேண்டியவர் வாங்கியவரே.

படி 5: உங்கள் வாரத்தில் இடம் இருக்கிறதா என்று கணக்கிடுங்கள்

இக்னோ கணக்கின்படி ஒரு கிரெடிட் என்பது ஏறத்தாழ 30 மணி நேர உழைப்பு. மூன்றாண்டு இளநிலைப் பட்டத்துக்கு 120 கிரெடிட் என்றால் மொத்தம் 3,600 மணி நேரம், அதாவது வாரத்துக்கு ஏறக்குறைய 23 மணி நேரம். எட்டு மணி நேர வேலைக்குப் பிறகு இது எளிதன்று. அதனால்தான் இக்னோவில் மூன்றாண்டுப் படிப்பை முடிக்க ஆறு ஆண்டுகள்வரை அவகாசம் தருகிறார்கள். மெதுவாகப் படிப்பதில் எந்தக் குறைவும் இல்லை. ஆனால் அந்த அவகாசத்தைத் தொடக்கத்திலேயே திட்டமிட்டுக்கொள்ள வேண்டும்.

படிப்பின் தரத்தை அறிய நல்ல வழி, பாடநூலைச் சேரும் முன்பே படித்துப் பார்ப்பது. இக்னோவின் பாடநூல்கள் இ-ஞான்கோஷ் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. நீங்கள் எடுக்க விரும்பும் பாடத்தில் ஓர் அலகைப் படித்து, அதன் இறுதியில் உள்ள வினாக்களுக்கு எழுதிப் பாருங்கள். தமிழ் வழியில் படிக்க விரும்புபவர்கள், பாடநூலும் வினாத்தாளும் தமிழில் உண்டா, தமிழில் விடை எழுத அனுமதி உண்டா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். தேர்வு மையம் எங்கே, ஒப்படைப்புகளுக்கு எத்தனை மதிப்பெண் என்பவற்றையும் அப்போதே கேட்டுவிடுங்கள். இக்னோவின் பெரும்பாலான படிப்புகளில் ஒப்படைப்புக்கு 30 விழுக்காடும் பருவ இறுதித் தேர்வுக்கு 70 விழுக்காடும் கணக்கிடப்படுகின்றன.

படி 6: சேர்தல்

தொலைநிலை, இணையவழிப் படிப்புகளில் சேர 2024 முதல் ‘டெப் ஐடி’ என்ற மாணவர் அடையாள எண் கட்டாயமாகிவிட்டது. அதற்கு முன் டிஜிலாக்கர் வழியாக ‘ஏபிசி ஐடி’ (நீங்கள் பெறும் கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கும் கணக்கின் எண்) பெற வேண்டும். பிறகு தொலைநிலைக் கல்விப் பணியகத்தின் தளத்தில் டெப் ஐடியை நீங்களே உருவாக்கிக்கொள்ளலாம். ஆதாரில் உள்ள பெயரும் மதிப்பெண் சான்றிதழில் உள்ள பெயரும் வேறுபட்டால் இந்தக் கட்டத்தில்தான் சிக்கல் எழும். எனவே திருத்தங்களை முன்பே செய்துவிடுங்கள்.

மொத்தக் கட்டணத்தைக் கேட்கும்போது தேர்வுக் கட்டணம், மறுபதிவுக் கட்டணம், பட்டமளிப்புக் கட்டணம் ஆகியவற்றையும் சேர்த்து எழுத்தில் பெறுங்கள். பணத்தைப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் மட்டுமே செலுத்துங்கள். அன்றே, யுஜிசி பட்டியலில் உங்கள் படிப்பும் பருவமும் தெரியும் பக்கத்தைப் பிடிஎஃப் கோப்பாகச் சேமித்து, கட்டண ரசீதோடு சேர்த்து வையுங்கள். சில ஆண்டுகள் கழித்து ஒரு நியமன அதிகாரி, நீங்கள் சேர்ந்தபோது அந்தப் படிப்புக்கு அனுமதி இருந்ததா என்று கேட்டால் காட்ட வேண்டியது அந்தப் பக்கம்தான்.