கைலியும் கட்டிலும்

2020 ஊரடங்கில் வீட்டிலிருந்தே வேலை என்றானதும் காலை முதல் இரவு வரை எனக்கு ஒரே கைலி, கழுத்து தொய்ந்த பனியன்தான். வீடியோ மீட்டிங் வந்தால் மேலே மட்டும் ஒரு சட்டை. பத்து மணி வேலையைப் பன்னிரண்டுக்குத்தான் தொடுவேன். நடுவில் கட்டில் வேறு கூப்பிடும். "வேலை பாக்குறீங்களா, லீவுல இருக்கீங்களா?" என்று மனைவி கேட்டது சுருக்கென்றது.

மறுநாள் குளித்ததும் தேய்த்த பேன்ட், சட்டை. "எங்கடா கிளம்பிட்டே?" என்றார் அம்மா. பெல்ட் ஒரு துளை தள்ளிப் போயிருந்தது, அது தனிக் கதை.

2012-இல் அமெரிக்க ஆய்வொன்றில், ஒரே வெள்ளைக் கோட்டை டாக்டர் கோட் என்று நினைத்து அணிந்தவர்கள், பெயின்டர் கோட் என்று நினைத்து அணிந்தவர்களைவிடக் கவனமாக இருந்தார்களாம். ஆனால் அந்த ஆய்வில் கோட் போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட முதல் சோதனையை 2019-இல் வேறொரு குழு திரும்பச் செய்தபோது அதே விளைவு வரவில்லை. என் விஷயத்தில் காரணம் இன்னும் சாதாரணம்: பேன்ட் மடிப்பு கசங்கிவிடுமே என்றுதான் நான் கட்டிலில் சாயவில்லை! சாயாததால் தூக்கம் இல்லை, பத்தரைக்குள் முதல் மெயில் போய்விடும்.

இதைவிடப் பெரிய லாபம் சாயங்காலம். ஆறு மணிக்குச் சட்டையை ஆணியில் மாட்டிக் கைலிக்கு மாறினால் லேப்டாப்பைத் திறக்கவே கை வராது.

ஷூவும் போட்டுப் பார்த்தேன். கூடத்தைத் தாண்டுவதற்குள் அம்மா கழற்ற வைத்துவிட்டார்.