கண்ணாடிக்கு டின்ட் ஒட்ட வருபவரை எடைபோடுவது எப்படி?

வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கடற்கரைப் பக்கமாக உள்ள தொடர்மாடிகளில் குடியிருப்பவர்களுக்குப் பிற்பகல் 2 மணிக்குப் பிறகு வரவேற்பறை எப்படிக் கொதிக்கும் என்று விளக்கத் தேவையில்லை. கொழும்பு நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 7 பாகை வடக்கே மட்டுமே இருப்பதால் நடுப்பகல் வெயில் பெரும்பாலும் கூரையில்தான் விழுகிறது. யன்னல்களைத் தாக்குவது காலையில் கிழக்கிலிருந்தும், அதைவிடக் கடுமையாகப் பிற்பகலில் கடல் பக்கமிருந்தும் சாய்ந்து வரும் வெயிலாகும். ஆகவே டின்ட், அதாவது வெயிலைக் குறைக்கக் கண்ணாடியில் ஒட்டும் மெல்லிய ஃபிலிம், ஒட்டுவதற்கு நீங்கள் அழைக்கும் ஒருவர் முதலில் கேட்க வேண்டியது, உங்கள் யன்னல் எந்தத் திசையை நோக்கியிருக்கிறது, அதில் எத்தகைய கண்ணாடி பொருத்தப்பட்டிருக்கிறது என்பவற்றையே. இவற்றைக் கேட்காமல், தொலைபேசியிலேயே சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை சொல்லிவிடுபவரை அத்துடன் விட்டுவிடலாம்.

இது நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்ட பாடம். எங்கள் வீட்டின் மேற்குப் பக்க யன்னல்களை, வாட்ஸ்அப்பில் அனுப்பிய அளவுகளை மட்டும் பார்த்து விலை சொன்ன ஒருவரிடம் ஒப்படைத்தோம். ஒட்டிய அன்று குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது வருடத்தில் கறுப்பு நிறம் மெல்ல மெல்லக் கத்தரிப்பூ நிறமாக மாறியது, ஓரங்களில் கொப்புளங்கள் எழும்பின, அவர் தந்த தொலைபேசி இலக்கமும் பாவனையில் இருக்கவில்லை. சாயம் மட்டும் ஏற்றிய மலிவான ஃபிலிம் வெயிலில் இப்படித்தான் வெளிறும் என்பதை அதற்குப் பிறகே அறிந்தேன். நல்ல ஃபிலிமும் மட்டமான ஃபிலிமும் முதல் மாதத்தில் ஒரேமாதிரித் தெரிவதால், ஒட்டுவதற்கு முன்னரே ஆளையும் பொருளையும் சோதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பொருளைச் சோதிப்பதற்குத் தயாரிப்பு நிறுவனத்தின் விவரத்தாளைக் கேளுங்கள். வெளிச்சம் எத்தனை வீதம் உள்ளே வரும், சூரியனின் மொத்த வெப்ப ஆற்றலில் எத்தனை வீதம் தடுக்கப்படும், புற ஊதாக் கதிர் எவ்வளவு தடுக்கப்படும் என்ற மூன்று எண்களும் அதில் இருக்கும். பெரும்பாலானோர் ஒரு விளக்கைப் பெட்டிக்குள் வைத்து, ஃபிலிம் ஒட்டிய கண்ணாடிக்குப் பின்னால் உங்கள் கையை வைக்கச் சொல்லி, சூடு தெரியவில்லையே என்று வியக்க வைப்பார்கள். அந்த விளக்கு பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிரையே வீசுவது. வெயிலிலோ வெப்பத்தின் ஏறத்தாழப் பாதி கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு சேர்ந்து வருகிறது. எனவே “அகச்சிவப்பு 90 வீதம் தடுக்கப்படும்” என்ற பேச்சைவிட மொத்த வெப்பத் தடுப்பு எண்ணே முக்கியமானது. இயன்றால், ஒரு மாதிரித் துண்டை உங்கள் மேற்கு யன்னலிலேயே ஒட்டச் சொல்லி, பிற்பகல் 3 மணிக்கு அதனருகில் நின்று பாருங்கள்.

ஆளைச் சோதிப்பதற்கு எனக்குப் பிடித்த கேள்விகள் இரண்டு. முதலாவது, “இரவில் வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே தெரியுமா?” முகம் பார்க்கும் கண்ணாடிபோல் மின்னும் ஃபிலிம், எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம் இருப்பவருக்கே மறுபக்கத்தை மறைக்கும், இரவில் உள்ளே மின்குமிழ் எரிந்தால் தெருவில் போகிறவருக்கு உங்கள் வீடு நன்றாகத் தெரியும். இதை மறைக்காமல் சொல்பவர், திரைச்சீலையும் வேண்டும் என்பார். இரண்டாவது, புறக்கோட்டையிலோ கொள்ளுப்பிட்டியிலோ காட்சிக் கண்ணாடி வைத்துப் புடவை விற்பவர்கள் கேட்க வேண்டியது: “இனித் துணி வெளிறாதா?” புற ஊதாக் கதிரை 99 வீதம் தடுத்தாலும், ஒளியும் வெப்பமும் நிறத்தை வெளிறச் செய்யும், தாமதப்படுத்தலாமே தவிர முற்றாகத் தடுக்க முடியாது என்பதே நேர்மையான பதில்.

கண்ணாடியின் வகை பற்றி அவர் அக்கறை காட்டாவிட்டால் ஆபத்து உங்களுடையது. இரட்டைக் கண்ணாடியிலும், நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டப்பட்ட கண்ணாடியிலும் வெப்பத்தை உறிஞ்சும் கறுத்த ஃபிலிமை ஒட்டினால், ஒரு பகுதி வெயிலிலும் மறுபகுதி நிழலிலும் இருக்கும்போது கண்ணாடி தானாகவே வெடிக்கக்கூடும். அவ்வாறு வெடித்தால் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்குங்கள். அலுவலகங்களுக்கு இன்னொன்று: 1996 ஜனவரி 31 அன்று மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் பலர் பார்வையை இழந்தது சிதறிய கண்ணாடித் துண்டுகளினால். துண்டுகளைப் பிடித்து வைப்பதற்கான பாதுகாப்பு ஃபிலிம் வழமையாக 100 மைக்ரோனும் அதற்கு மேலும் தடிப்புள்ளது. சாதாரண டின்ட் அதில் பாதியளவே இருக்கும் என்பதால், ஒன்றை மற்றொன்றாக விற்பவரிடம் கவனமாக இருங்கள்.

கொட்டேஷனில் ஃபிலிமின் பெயர், மாதிரி இலக்கம், சதுர அடி, பழைய ஃபிலிமைச் சுரண்டி எடுக்கும் கூலி ஆகியன தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். “10 வருட உத்தரவாதம்” என்றால் அதைத் தருவது தயாரிப்பாளரா, இறக்குமதியாளரா, ஒட்டுபவரா என்றும், மீண்டும் ஒட்டும் கூலியும் அதில் அடங்குமா என்றும் கேளுங்கள். வியாபாரப் பெயர்ப் பதிவையோ கம்பனிப் பதிவிலக்கத்தையோ பார்த்துக்கொள்வதில் கூச்சம் வேண்டாம். பற்றுச்சீட்டு இருந்தால்தான் பிறகு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடுவதற்கும் பிடி இருக்கும். தொடர்மாடியாயின் வெளித்தோற்றம் மாறுவதற்கு நிர்வாகத்தின் அனுமதி வேண்டியிருக்கலாம். நல்ல ஒப்பந்தகாரர் அதைத் தாமாகவே நினைவூட்டுவார். முழுப்பணத்தையும் முன்னரே கேட்பவருக்குக் கொடுக்காதீர்கள்.

வேலை நடக்கும் நாளில் வீட்டில் இருங்கள். ஃபிலிம் சுருளின் பெட்டியில் உள்ள இலக்கம் கொட்டேஷனில் உள்ளதுதானா என்று பாருங்கள். தேர்ந்த தொழிலாளி ஒருவர் முதலில் மின்விசிறியை நிறுத்தச் சொல்வார், ஏனெனில் பறக்கும் தூசியின் ஒவ்வொரு துகளும் ஃபிலிமுக்கடியில் ஒரு புள்ளியாக நின்றுவிடும். பிறகு சவர்க்கார நீர் தெளித்து, பிளேட்டினால் கண்ணாடியைச் சுரண்டி, கடற்காற்றில் படிந்த உப்பை மூலைவரை எடுப்பார். இந்தச் சுத்தம் செய்வதிலேயே வேலை நேரத்தின் பெரும்பகுதி போகும். அவசரப்படுபவர் இதைத்தான் சுருக்குவார். ஓரத்தில் 1 அல்லது 2 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு வெட்டுவது முறையே, குறையன்று.

ஒட்டிய பின் சில நாட்களுக்கு மங்கலும் சிறு நீர்க்கொப்புளங்களும் தெரியும். தென்மேற்குப் பருவமழைக் காலமாயின் காய்வதற்கு இன்னும் தாமதமாகும். தயாரிப்பாளர் குறிப்பிடும் காலம் முடியும்வரை, வழமையாக ஒரு மாதமளவில், கண்ணாடியைத் துடைக்காதீர்கள். அதன் பின்னரும் அமோனியா கலந்த திரவங்களைத் தவிர்த்து, மென்மையான துணியும் சவர்க்கார நீருமே பாவியுங்கள். அந்த மாதம் முடிந்தும் மறையாத கொப்புளம் இருந்தால் படமெடுத்து அனுப்புங்கள். பணத்தில் ஒரு சிறு பங்கை அந்த நாள்வரை நிறுத்திவைக்க முதலிலேயே ஒத்துக்கொண்டவராக இருந்தால், அவர் திரும்பி வருவதற்கு அதிக நேரம் எடுக்கமாட்டார்.