முட்டை தூக்கும் எறும்புகள்: கதை சொல்லியே குழந்தைக்கு எம்பிராய்டரி பழக்கலாம்

குழந்தையிடம் ஊசியைக் கொடுத்து, "இது ரன்னிங் ஸ்டிச், நேராகப் போடு" என்றால் பத்து நிமிஷத்தில் அது எழுந்து ஓடிவிடும். "எறும்பு மண்ணுக்குள்ளே போச்சு, இப்போ எங்கே தலையை நீட்டும்?" என்று கேட்டால் அதே குழந்தை ஊசியைத் துணிக்கு அடியில் கொண்டுபோய் இடம் தேடும். இந்தச் செய்முறை முழுக்க அந்தக் கேள்வியை நம்பியே நிற்கிறது. கதை முடிந்த பிறகு அதற்கொரு படம் தைப்பது வேறு. இங்கே தையல் விழுந்தால்தான் கதை நகரும்.

நான் எடுத்துக்கொண்டிருப்பது எறும்புக் கதை. "எறும்பு முட்டைகொண்டு திட்டை ஏறினால் மழை" என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. அதை நாலு தையலாகப் பிரித்திருக்கிறேன். ஏழு வயதுக்கு மேல் இருந்தால் தாராளமாகத் தொடங்கலாம். ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளுக்கு முனை மழுங்கிய ஊசியும் கண் பெரிதான துணியும் கொடுத்து, முதல் இரண்டு தையலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாங்க வேண்டியவை

துணிக்கு மேட்டி துணிதான் என் தேர்வு. நெசவின் கண்கள் வெளிப்படையாகத் தெரிவதால் ஊசி எங்கே இறங்க வேண்டும் என்பது குழந்தைக்குப் புரியும். வெள்ளை வேண்டாம், முட்டை தெரியாது. வெளிர் செங்கல் நிறமோ மண் நிறமோ இருந்தால் கறுப்பு எறும்பும் வெள்ளை முட்டையும் பளிச்சென்று எழும். பத்து அங்குலச் சதுரம் போதும். துணியை விறைப்பாகப் பிடிக்க ஆறு அங்குல எம்பிராய்டரி பிரேம் ஒன்று. அதைவிடப் பெரிய பிரேமில் நடுப்பகுதிக்குச் சின்னக் கை எட்டாது.

நூல் கறுப்பு, மெரூன், வெள்ளை, வெளிர் நீலம். கடையில் கிடைக்கும் எம்பிராய்டரி நூலில் ஆறு இழைகள் சேர்ந்திருக்கும். மூன்றை மட்டும் பிரித்தெடுங்கள். பிரிக்கும்போது ஒவ்வொரு இழையாக உருவ வேண்டும், மூன்றையும் சேர்த்து இழுத்தால் சிக்கிக்கொள்ளும். நீளம் குழந்தையின் விரல் நுனியிலிருந்து முழங்கை வரை உள்ளதைப் போல இரண்டு மடங்கு, அவ்வளவுதான். அடிக்கடி கோர்க்க வேண்டாமே என்று நாம் நீளமாக வெட்டிக் கொடுக்கும் நூல்தான் பாதி அழுகைக்குக் காரணம்.

எம்பிராய்டரி ஊசியில் எண் கூடக் கூட ஊசி மெலியும். 5ஆம் எண் இந்த வேலைக்குச் சரி. மழுங்கிய முனை வேண்டுமென்றால் டேபஸ்ட்ரி ஊசி என்று கேளுங்கள், 22ஆம் எண். சின்னக் குழந்தையின் கையில் ஊசியிலிருந்து நூல் நழுவிக்கொண்டே இருக்கும். அவர்களுக்கு மட்டும் இரண்டு இழை எடுத்து, ஊசி நடுவில் வரும்படி மடித்து, இரு முனைகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுங்கள். பிரிக்க வேண்டி வந்தால் நூலை வெட்டத்தான் வேண்டும். ஆனால் உட்கார்ந்த நேரமெல்லாம் கோர்ப்பதிலேயே போகாது.

ஒரு ஸ்பாஞ்சுத் துண்டை எடுத்து "எறும்புப் புற்று" என்று பெயர் வையுங்கள். ஊசி கையில் இல்லாத நேரமெல்லாம் புற்றில்தான் இருக்க வேண்டும். உட்காரும்போது எத்தனை ஊசி, எழுந்திருக்கும்போது எத்தனை என்று எண்ணுவது குழந்தையின் பொறுப்பு.

துணியில் படம் வரைய வேண்டாம்

இணையத்தில் எறும்புப் படம் தேடி அச்செடுக்காதீர்கள். கோட்டின் மேலேயே தைக்கச் சொன்னால் கோட்டை விட்டு விலகிய ஒவ்வொரு தையலும் குழந்தைக்குத் தப்பாகத் தெரியும். சாக்பீஸால் மூன்று அடையாளங்கள் மட்டும் போடுங்கள். பிரேமுக்குள்ளேயே, இடது கீழ்ப்புறம் எறும்பு வளை. அங்கிருந்து எட்டு செ.மீ. தள்ளி, நாலு செ.மீ. அகலத்தில் ஒரு வாய்க்கால். அதற்கு அப்பால், வலது மேல்புறம் ஒரு மேடு.

நீலகிரித் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் போடும் எம்பிராய்டரிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்கள் துணியில் எதையும் வரைந்துகொள்வதில்லை, நெசவின் இழைகளை எண்ணியே தைக்கிறார்கள். மேட்டி துணியில் குழந்தையும் கண்களை எண்ணிப் போகலாம். எனக்கு வரைய வராது என்று அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய விடுதலை.

முதல் நாள்: எறும்பு புறப்படுகிறது

"ஒரு ஊர்ல ஒரு எறும்பு இருந்துச்சாம். வானம் கறுத்துக்கிட்டு வருது. வளைக்குள்ளே தண்ணி வந்துட்டா முட்டையெல்லாம் என்ன ஆகும்? மேடான இடம் பார்த்துட்டு வான்னு ராணி ஒரு எறும்பை அனுப்புது."

கறுப்பு நூல். முடிச்சு துணிக்கு அடியில் இருக்க, ஊசி வளையிலிருந்து மேலே வரட்டும். ஓர் அரிசி நீளம் மண்ணுக்கு மேலே நடை, பிறகு உள்ளே இறங்குகிறது. அடியில் ஓர் அரிசி நீளம் போய் மறுபடி மேலே. வாய்க்கால் கரை வரை ஏழு தையல் போதும். பிரேமில் துணி விறைப்பாக இருப்பதால் ஊசியை நேர்குத்தாக இறக்கி, அடியிலிருந்து நேர்குத்தாக ஏற்றச் சொல்லுங்கள். ஒரே குத்தில் உள்ளே விட்டு வெளியே எடுக்கும் வேகம் பின்னால் தானாக வரும்.

இங்கே எல்லாக் குழந்தையும் செய்வது ஒன்று: அடியில் போன ஊசியைப் பிரேமின் ஓரத்தைச் சுற்றி மேலே கொண்டுவந்துவிடும். நூல் பிரேமோடு சேர்ந்து கட்டிக்கொள்ளும். திட்ட வேண்டாம். "எறும்பு உலகத்தைச் சுத்தி வராது, மண்ணைத் துளைச்சுக்கிட்டுத்தான் வரும்" என்று சொல்லிவிட்டு அந்த ஒரு தையலை உருவிவிடுங்கள்.

தையல் சில பெரிசு, சில சிறிசு என்று இருக்கும். விட்டுவிடுங்கள். எறும்பு அங்கே வேகமாக ஓடியிருக்கிறது.

இந்த ஒரே தையலை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு வங்காளத்தின் காந்தா எம்பிராய்டரி சாட்சி. பழைய புடவை, வேட்டிகளை அடுக்கி வைத்து, புடவைக் கரையிலிருந்தே உருவிய வண்ண நூலால் மீனும் யானையும் தேரும் கதைமாந்தரும் தைத்தார்கள். பெரும்பாலும் இதே ரன்னிங் ஸ்டிச்தான். ஆகவே உங்கள் குழந்தைக்கு இந்த முதல் நாள் வேலை மட்டுமே பிடித்திருந்தால், அதிலேயே ஒரு மாதம் இருக்கட்டும்.

வாய்க்கால் கரையில் எறும்பு நிற்கிறது. அக்கரையில் மேடு தெரிகிறது. "நாளைக்குச் சொல்றேன்" என்று புற்றில் ஊசியைக் குத்திவிட்டு எழுந்துவிடுங்கள். இருபது, முப்பது நிமிஷத்துக்கு மேல் எந்த நாளும் வேண்டாம். கெஞ்சினாலும் வேண்டாம்.

இரண்டாம் நாள்: வந்த வழியே

சில வகை எறும்பு போகும் வழியில் ஒரு வாசனைக் கோட்டை விட்டுக்கொண்டே போகும். திரும்பும்போது அதை மோந்துகொண்டே வீடு வரும். இது கதை இல்லை, நிஜம். குழந்தையைக் கூட்டிப்போய்ச் சுவரோர எறும்பு வரிசையை ஒருமுறை காட்டிவிட்டு வந்து உட்காருங்கள்.

இப்போது மெரூன் நூல். கரையிலிருந்து வளைக்குத் திரும்பும் எறும்பு, நேற்று மண்ணுக்கடியில் போன இடத்தில் இன்று மேலே நடக்கிறது. அதாவது முதல் நாள் விட்ட இடைவெளிகளை அதே துளைகள் வழியாக நிரப்புகிறோம். முடியும்போது இடைவெளியே இல்லாத ஒரு கோடு, கறுப்பும் மெரூனும் மாறி மாறி. போனது எது, வந்தது எது என்று குழந்தை விரல் வைத்துச் சொல்லும்.

மூன்றாம் நாள்: வாய்க்காலைத் தாண்டுவது

எறும்புகள் எல்லாம் கரைக்கு வந்துவிட்டன. பாலம் இல்லை. ஒன்றின் காலை ஒன்று பிடித்துக்கொள்கின்றன. சங்கிலித் தையல் இங்கேதான்.

ஊசியைக் கரையில் மேலே எடுங்கள். வந்த துளையிலேயே திரும்ப இறக்குங்கள், ஆனால் நூலை முழுக்க இழுக்காமல் ஒரு வளையம் மிஞ்சட்டும். குழந்தையின் கட்டைவிரல் அந்த வளையத்தை அழுத்திப் பிடிக்கட்டும். ஓர் அரிசி தூரம் முன்னால், வளையத்துக்கு உள்ளே ஊசி மேலே வர வேண்டும். மெல்ல இழுத்தால் ஒரு கண்ணி. அடுத்தது இந்தப் புதுத் துளையிலிருந்து. இறுக்கி இழுத்தால் வளையம் கோடாகிவிடும். "எறும்புக்குக் கை வலிக்கும், மெதுவா" என்றால் போதும்.

இரண்டு, மூன்று கண்ணி ஆனதும் ஒரு வேடிக்கை காட்டலாம். ஊசியைக் கழற்றிவிட்டு, கடைசிக் கண்ணியின் நூலை அடிப்பக்கம் இழுங்கள். அது சரசரவென்று பிரியும். கடைசி எறும்பு பிடியை விட்டால் அத்தனையும் தண்ணீரில். அதனால்தான் கடைசி வளையத்தின் தலைக்கு வெளியே ஒரு சின்னத் தையல் இறக்கிப் பூட்ட வேண்டும் என்று பிறகு நீங்கள் சொல்லவே தேவையில்லை.

மாமரத்தில் கூடு கட்டும் முசுறு எறும்புகளைப் பற்றி இங்கே சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. அவை நிஜமாகவே ஒன்றையொன்று பிடித்துச் சங்கிலியாகி இலைகளை இழுத்துச் சேர்க்கும். பிறகு தங்கள் புழுவை வாயில் கவ்விக்கொண்டு இலை ஓரங்களில் இப்படியும் அப்படியும் நகர்த்த, புழு விடும் பட்டிழை இலைகளை ஒட்டிவிடும். ஊசியும் நூலும் ஒரே புழுவில்!

நாலாம் நாள்: முட்டைகள்

மேட்டில் முட்டைகளை அடுக்க வேண்டும். அதற்குப் பிரெஞ்சு நாட் என்னும் முடிச்சுத் தையல். நாலு தையலில் இதுதான் கஷ்டம், அதனால்தான் கடைசிக்கு வைத்தேன். வெள்ளை நூலுடன் ஊசி மேலே வரட்டும். இடது கையால் நூலை விறைப்பாகப் பிடித்து, ஊசியில் இரண்டு சுற்று. வந்த துளைக்கு ஓர் இழை தள்ளி ஊசியை இறக்கி, உள்ளே போய் முடியும்வரை இடது கை பிடியை விடக் கூடாது. முட்டை துணிக்குள் விழுந்து காணாமல் போனால் அதே துளையில் இறக்கியிருக்கிறார்கள். தொளதொளவென்று நின்றால் இடது கை முன்னாலேயே விட்டுவிட்டது. எட்டு வயதுக்குக் கீழே இது வரவில்லை என்றால் வெள்ளை மணி கோர்த்துவிடுங்கள்.

எறும்பு தூக்கிப்போவது முட்டைதானா என்று கேட்கிற குழந்தை ஒன்று இருக்கும். நம் கண்ணுக்குத் தெரிகிற அளவு பெரிதாக இருப்பது பெரும்பாலும் புழுவோ கூட்டுப்புழுவோதான் என்று உண்மையைச் சொல்லிவிடலாம். கதைக்கு ஒன்றும் ஆகாது.

முட்டை முடிந்ததும் மழை. வெளிர் நீலத்தில் சாய்வான ஒற்றைத் தையல்கள், எந்த நீளத்திலும், எங்கே வேண்டுமானாலும். தூறலா, அடைமழையா, வாய்க்கால் நிரம்பியதா என்பதெல்லாம் குழந்தை முடிவு செய்யட்டும், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள்.

பிறகு

அடுத்த கதையைக் குழந்தை சொல்லட்டும். "தவளை எப்படிப் போகும்?" என்று மட்டும் கேளுங்கள். தையல் நீண்டு இடைவெளி நீளும். நத்தை என்றால் தையல் பொடியாகும்.

இடது கைக்காரக் குழந்தைக்குக் கற்றுத்தரும்போது பக்கத்தில் உட்காராமல் எதிரில் உட்காருங்கள், உங்கள் கை அதற்குக் கண்ணாடியாகத் தெரியும். துவைக்கும் முன் மெரூன் நூலை ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துச் சாயம் போகிறதா பாருங்கள். இஸ்திரி போடுவதானால் தடித்த துண்டை விரித்து, தையலைக் கவிழ்த்து, பின்பக்கம் மட்டும். முன்பக்கம் தேய்த்தால் முட்டைகள் சப்பையாகிவிடும்.