ஒரு மரம், 24 படங்கள்: சுற்றி எடுத்து ஒன்றாக்கும் முறை

கோயிலில் தல விருட்சத்தை வலம் வந்திருப்பீர்கள். நாலு எட்டு வைத்தால் அடிமரத்தில் ஒரு முடிச்சு தெரியும். இன்னும் நாலு எட்டில் அது மறைந்து, ஒரு கிளை நம் பக்கம் நீளும். சுற்றி முடித்ததும் மனதில் நிற்பது முழு மரம். ஒற்றைப் புகைப்படத்தில் அதன் ஒரு பக்கம்தான் கிடைக்கும். அதனால்தான் மரத்தைச் சுற்றிப் பல படங்கள் எடுத்து, கண்ணாடித் தாள்களைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் இந்த முறை எனக்கு அவ்வளவு பிடிக்கும். கத்தலான் புகைப்படக் கலைஞர் பெப் வென்டோசா இப்படி உருவாக்கிய மரப் படங்கள் புகழ்பெற்றவை. அடுக்கிய படத்தில் அடிமரம் ஊன்றி நிற்கும். இலைகளும் பின்னணியும் தூரிகையால் இழுத்த மாதிரி கலந்திருக்கும்.

வேண்டியவை: மொபைல் போன், 10 மீட்டர் கயிறு, கொஞ்சம் கோலமாவு, கணினியில் படங்களைத் திருத்தும் கிம்ப் மென்பொருள். கிம்ப் இலவசம்.

1. மரம்

தனியாக நிற்க வேண்டும், முழு வட்டமும் நடக்க இடம் வேண்டும். கண்மாய்க் கரையில் நின்ற ஒரு பனைமீது ஆசைப்பட்டுப் போனேன். ஒரு பக்கம் முழுக்கத் தண்ணீர், பாதி வட்டத்தோடு திரும்பினேன். அறுவடை முடிந்த வயலில் நிற்கும் நடுத்தர உயர வேம்பு முதல் முயற்சிக்கு அருமையாக அமையும். விழுதிறங்கிய ஆலமரத்தைப் பிறகு பார்க்கலாம். அடுக்கும்போது எது அடிமரம் என்றே தெரியாது. மேகமூட்டமான காலை நல்லது. வெயில் அடித்தால் பாதிப் படங்கள் சூரியனைப் பார்த்தபடி எடுக்க வேண்டிவரும்.

2. வட்டம்

பலரும் அவசரப்படும் இடம் இது. தூரம் மாறினால் அடிமரம் ஒரு படத்தில் பருத்தும் இன்னொன்றில் மெலிந்தும் வரும். கயிற்றின் முனையை அடிமரத்தில் தளர்வான வளையமாகப் போடுங்கள், நடக்க நடக்க அதுவும் சுற்றிவர வேண்டும். 8 மீட்டர் தள்ளி நின்று கயிற்றை விறைப்பாகப் பிடித்து நடந்தால் வட்டம் சுமார் 50 மீட்டர். மூன்று எட்டுக்கு ஒரு முறை கோலமாவில் புள்ளி வையுங்கள். 24 புள்ளிகள் வரும். உயரமான மரம் என்றால் கயிற்றை நீளமாக்குங்கள்.

3. எடுத்தல்

கேமராவில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொள்ளுங்கள். போனைச் செங்குத்தாகப் பிடித்து, அடிமரம் அகலத்தின் நடுவிலும், அது மண்ணைத் தொடும் இடம் கீழ்க்கோட்டிலும் அமையும்படி எடுங்கள். திரையில் அடிமரத்தை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். ஜூமைத் தொடாதீர்கள். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு படம் போதும்.

4. அடுக்குதல்

கிம்பில் ஃபைல் மெனுவில் 'ஓபன் ஆஸ் லேயர்ஸ்' கொடுத்து 24 படங்களையும் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு படமும் ஒரு லேயராக, அதாவது ஒரு அடுக்காக, வந்து உட்காரும். இனி ஒவ்வொரு லேயருக்கும் ஒபாசிட்டி, அதாவது அடியில் இருப்பதை அது எத்தனை சதவீதம் மறைக்கும் என்ற அளவு, வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் 50 வைத்துவிடக் கூடாது. மேலே இருக்கும் படம் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அடியில் இருப்பது தெரியவே தெரியாது. கணக்கு எளிது: 100-ஐ லேயரின் வரிசை எண்ணால் வகுங்கள். அடியில் இருப்பது 100, அதற்கு மேல் 50, பிறகு 33, 25, 20... கடைசியில் சுமார் 4. இரண்டாவது லேயர் பாதியை எடுக்கிறது. மூன்றாவது மூன்றில் ஒரு பங்கை எடுத்து, மிச்சத்தை முதலிரண்டுக்கும் சமமாக விடுகிறது. இப்படியே போனால் 24 படங்களுக்கும் சமபங்கு.

அடிமரம் விலகியிருந்தால் அந்த லேயரையும் அடி லேயரையும் மட்டும் தெரியவிட்டு, மேலதை 50-க்குக் கொண்டுவந்து, மூவ் கருவியால் நகர்த்துங்கள். கருவியின் அமைப்பில் 'மூவ் தி ஆக்டிவ் லேயர்' (கிம்ப் 3-இல் 'மூவ் தி செலக்டட் லேயர்ஸ்') தேர்வில் இருக்கட்டும், இல்லாவிட்டால் வேறு லேயர் நகர்ந்துவிடும். பொருந்தியதும் பழைய எண்ணைத் திரும்ப வையுங்கள்.

படம் சற்று வெளிறித்தான் இருக்கும். லேயர்களோடு உள்ள கோப்பைத் தனியாகச் சேமித்துவிட்டு, ஒரு பிரதியில் எல்லா லேயரையும் ஒன்றாக்கி, வெளிச்சத்தையும் கருமையையும் மாற்றும் கர்வ்ஸ் கருவியில் கருமையைக் கூட்டினால் அடிமரம் எழுந்து வரும்.

5. இன்னொரு வகை

லேயர்களோடு உள்ள கோப்பின் இன்னொரு பிரதியில் எல்லா ஒபாசிட்டியையும் 100 ஆக்கி, லேயர்கள் கலக்கும் விதமான மோடை 'டார்க்கன் ஒன்லி' ஆக மாற்றுங்கள். ஒவ்வோர் இடத்திலும் கருமையானது மட்டும் நிற்கும். வெளுத்த வானத்தின் மீது 24 திசைகளின் சுள்ளிகளும் ஒன்றுசேர்ந்து, மை தொட்டு வரைந்த கூடுபோலப் பின்னிக்கொள்ளும். இலையுதிர்ந்த மரத்துக்கு நான் இதைத்தான் எடுப்பேன்.

படங்களைச் சேர்ப்பது புகைப்படமே இல்லை என்று சிலர் சொல்வதை ஏற்க எனக்கு மனமில்லை. 1850-களில் பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ கிரே, கடலுக்கு ஒரு நெகட்டிவும் வானத்துக்கு இன்னொன்றுமாகச் சேர்த்து அச்சிட்டார். அன்றைய தகடுகளில் கடல் சரியாக விழும் வெளிச்சத்தில் வானம் வெளுத்துப் போகும் என்பதே காரணம்.

முடிந்ததும் ஓரங்களை வெட்டி, லேயர்களோடு உள்ள கோப்பை கிம்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் ஆகவும், பகிர்வதற்கு ஜேபெக் ஆகவும் சேமியுங்கள். எந்த மரம், எத்தனை மீட்டர் கயிறு என்பதையும் குறித்துவைத்தால், அதே மரம் துளிர்க்கும்போது அதே வட்டத்தில் மறுபடி நடக்கலாம்.