வாசலில் வந்து நிற்கும் வரி: வெளிநாட்டுக் கடைகளில் வாங்குவோர் செய்யும் தவறுகள்

தர்மபுரியில் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஒகேனக்கல் காட்டுப் பக்கம் பறவை பார்க்கப் போவதற்காக வெளிநாட்டு இணையக் கடை ஒன்றில் பைனாகுலர் வாங்கினார். பொருளின் விலை 6,000 ரூபாய், அனுப்பும் செலவு 1,200 ரூபாய். கூரியர் ஊழியர் வாசலில் நின்று மேற்கொண்டு இரண்டாயிரத்துச் சொச்சம் கேட்டபோது, "காசெல்லாம் முதலிலேயே கட்டிவிட்டேனே, இது எதற்கு?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் பார்சலைத் தூக்கி வந்தவரிடம் அதற்குப் பதில் இருக்காது. அந்தத் தொகை பொருளை வாங்கிய நாளிலேயே ஏறக்குறைய தீர்மானமாகிவிட்டது.

பெரும்பாலானோர் சறுக்கும் இடம், வரி பொருளின் விலைக்கு மட்டும்தான் என்று எண்ணுவது. சுங்கத்துறை மதிப்பிடும்போது பொருளின் விலையோடு அனுப்பும் செலவும் காப்பீட்டுத் தொகையும் சேர்கின்றன. காப்பீட்டுத் தொகை இன்னதென்று தெரியாதபோது விலையில் 1.125 சதவீதத்தைச் சேர்த்துக்கொள்ளவும், விமானத்தில் வரும் பொருளுக்கு அனுப்பும் செலவாக விலையில் 20 சதவீதத்துக்கு மேல் சேர்க்காமல் இருக்கவும் 2007-ஆம் ஆண்டின் மதிப்பீட்டு விதிகள் வழி செய்கின்றன. இப்படி வரும் மொத்த மதிப்பின் மீது அடிப்படைச் சுங்க வரியும், அந்த வரியையும் சேர்த்த தொகையின் மீது ஐஜிஎஸ்டி எனப்படும் ஒருங்கிணைந்த சரக்கு–சேவை வரியும் விதிக்கப்படுகின்றன. வரிக்கு மேல் வரி என்று ஆசிரியர் சலித்துக்கொண்டது மிகையல்ல.

சொந்த உபயோகத்துக்கு இறக்குமதியாகும் பொருள்களுக்கான அடிப்படை வரியை 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைப்பதாக 2026 பிப்ரவரி 1 அன்று தாக்கலான நிதிநிலை அறிக்கை சொன்னது. கணக்கு புரிவதற்காக அந்த 10 சதவீதத்தையும், ஐஜிஎஸ்டி 18 சதவீதம் என்பதையும் எடுத்துக்கொள்வோம். காப்பீட்டை விட்டுவிட்டால், விலையும் அனுப்பும் செலவும் சேர்ந்த 7,200 ரூபாய்க்கு அடிப்படை வரி 720; இரண்டும் சேர்ந்த 7,920-க்கு ஐஜிஎஸ்டி சுமார் 1,426; ஆக மொத்தம் 2,146 ரூபாய். விலையை மட்டும் வைத்து "பத்தும் பதினெட்டும் இருபத்தெட்டு" என்று மனக்கணக்குப் போட்டிருந்தால் 1,680 என்றுதான் வந்திருக்கும். சமூக நலக் கூடுதல் வரி பொருந்தும் பொருளாக இருந்தால் அடிப்படை வரியில் மேலும் 10 சதவீதம் ஏறும். டாலரை ரூபாயாக மாற்றுவதற்கும் சுங்கத்துறை அறிவிக்கும் மாற்று விகிதமே பயன்படும். உங்கள் வங்கி அட்டையில் கழிந்த விகிதம் அல்ல.

"சிறிய தொகைக்கு வரி கிடையாதாமே" என்பது அடுத்த நம்பிக்கை. அமெரிக்காவில் 800 டாலர் வரையிலான பார்சல்களுக்கு வரி இல்லாதிருந்ததும், 2025 ஆகஸ்டு இறுதியில் அந்தச் சலுகை முடிவுக்கு வந்ததும் அந்த நாட்டுச் செய்திகள். இங்கே அவை செல்லா. நம் சுங்கச் சட்டத்தில் இருப்பது, கட்ட வேண்டிய வரியே 100 ரூபாய்க்கு மிகாமல் இருந்தால் அதை வசூலிப்பதில்லை என்ற சிறு தளர்வு மட்டுமே. பரிசுப் பொருள் என்று எழுதச் சொன்னால் தப்பிக்கலாம் என்பதும் பழைய காலத்து யோசனை: 2019 டிசம்பர் முதல், உயிர்காக்கும் மருந்துகளும் ராக்கியும் தவிர, எதையும் பரிசு என்ற பெயரில் வரியில்லாமல் தபாலிலோ கூரியரிலோ தருவிக்க முடியாது. விற்பவரிடம் கெஞ்சி விலையைக் குறைத்து எழுத வைப்பது அதைவிட மோசம். எழுதிய விலையின் மீது ஐயம் கொண்டு ஆதாரம் கேட்க அதிகாரிக்கு உரிமை உண்டு; பொய் என்று தெரிந்தால் பொருள் பறிமுதலாகலாம், அபராதமும் வரலாம்.

கூரியர் நிறுவனத்தின் கட்டணம் தனிக்கதை. பார்சல் தேங்காமல் வெளிவர வேண்டும் என்பதற்காக நிறுவனம் உங்கள் சார்பில் வரியைக் கட்டிவிட்டு, அந்தச் சேவைக்கென ஒரு தொகையையும் அதன் மீது ஜிஎஸ்டியையும் சேர்த்து உங்களிடம் வாங்குகிறது. இதற்குக் குறைந்தபட்சத் தொகை ஒன்று வைத்திருப்பது வழக்கமாதலால், ஐந்நூறு ரூபாய்ப் பொருளுக்குச் சேவைக் கட்டணம் வரியையே மிஞ்சிவிடும். இதை அரசின் கொள்ளை என்று திட்டுவோர் ரசீதைப் பிரித்துப் படிப்பதில்லை என்பது என் எண்ணம். அவசரமில்லாத சிறு பொருளை அஞ்சல் வழியில் அனுப்பச் சொல்லலாம். நாள் கூடும், செலவு பெரும்பாலும் குறையும். இறக்குமதி வரியையும் சேர்த்தே விலை காட்டும் கடைகளில் வாங்கினால், வாசலில் கேட்க எதுவும் இருக்காது. இதை வாங்கும் முன்பே கடையிடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

எங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நான் அடிக்கடி காணும் தவறு இன்னொன்று உண்டு. ஓசூரில் பட்டறை வைத்திருப்பவர் இயந்திரத்துக்கான உதிரிப் பாகங்களில் பத்தை ஒரே பெட்டியில் தருவித்துவிட்டு, சொந்த உபயோகம் என்கிறார். எண்ணிக்கையைப் பார்த்தாலே வியாபாரம் என்று தெரியும். அதற்கு இறக்குமதி–ஏற்றுமதிக் குறியீட்டு எண் கேட்பார்கள். அதை முறையாகப் பெற்று ஜிஎஸ்டி எண்ணோடு தருவித்தால், கட்டிய ஐஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாக, அதாவது தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பதால் அவருக்கே இலாபம். தளிப் பக்கத்து மலர் விவசாயிகள் வெளிநாட்டு ரோஜாக் குச்சிகளையும் விதைகளையும் இணையத்தில் பார்த்து ஆசைப்படுவதும் புரிகிறது. ஆனால் 2003-ஆம் ஆண்டின் தாவரத் தடுப்புக்காப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் வருபவை நிறுத்தப்படும். டிரோனும் மின் சிகரெட்டும் தருவிக்கவே நினைக்க வேண்டாம். போட்ட பணம் போனதுதான்.

வந்த பார்சலை வாங்க மறுத்தால் கணக்கு தீர்ந்தது என்றும் இருக்க முடியாது. திருப்பி அனுப்பும் செலவை விற்பவர் உங்கள் பணத்திலிருந்து பிடிக்கலாம். கட்டிய வரியை மீட்பதற்கு மறு ஏற்றுமதி முறை ஒன்று சட்டத்தில் இருந்தாலும், தனி நபர் ஒருவர் ஆறாயிரம் ரூபாய்ப் பொருளுக்காக அந்தக் காகிதங்களோடு அலைவது வீண்.

பணம் கேட்டு வரும் எல்லா அழைப்பும் உண்மையானதல்ல. "உங்கள் பார்சலைச் சுங்கத்தில் பிடித்து வைத்திருக்கிறோம்" என்று சொல்லித் தனி ஒருவரின் வங்கிக் கணக்குக்கோ யுபிஐ எண்ணுக்கோ பணம் அனுப்பச் சொன்னால் அது மோசடியே. சுங்கத்துறையின் கடிதங்களில் இருக்கும் ஆவண அடையாள எண்ணை அத்துறையின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். கூரியர் அடையாளச் சான்று கேட்பது வழக்கமானதுதான் என்றாலும், குறுஞ்செய்தியில் வந்த இணைப்பில் ஆதாரைப் பதிவேற்றாமல், நிறுவனத்தின் தளத்தில் பார்சல் எண்ணைத் தட்டிப் பார்த்து அங்கேயே கொடுக்க வேண்டும். ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.