கிணற்றில் கற்ற நீச்சலைக் குளத்துக்கேற்பத் திருத்திக்கொள்ளும் முறை

வட ஆர்க்காட்டுப் பகுதியில் நாற்பது வயதைக் கடந்து, இன்றும் தவறாமல் நீந்துகிறவர்களில் பலர் நீச்சலை விவசாயக் கிணற்றில் கற்றவர்கள். இடுப்பில் சுரைக்குடுக்கையையோ காலி பிளாஸ்டிக் கேனையோ கட்டி, கயிற்றின் மறுமுனையைப் படிக்கட்டில் நின்றபடி சித்தப்பாவோ மாமாவோ பிடித்துக்கொள்ள, நான்கைந்து நாட்களில் கயிறு அவிழ்க்கப்பட்டு நீந்தத் தொடங்கியவர்கள் நாங்கள். அந்த நீச்சலில் தலை எப்போதும் நீருக்கு மேலேயே இருக்கும். மேட்டிலிருந்து எவன் எப்போது குதிப்பான் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பத்து இருபது அடிக்குள் எதிர்ச்சுவர் வந்துவிடும். பாசியையும் மிதக்கும் குப்பையையும் விலக்க வேண்டும். கிணற்றில் தலையைத் தூக்கி நீந்துவது உயிரைக் காக்கும் பழக்கம் என்பதால், அதைக் கற்பித்தவர்களிடம் எந்தக் குறையும் இல்லை.

சிக்கல், அதே நீச்சலை 25 மீட்டர் குளத்துக்குக் கொண்டுவந்து, நாள்தோறும் நாற்பது முறை அதன் நீளத்தைக் கடக்கும்போது தொடங்குகிறது. வேலூரில் காலை ஆறு மணிக்குக் குளத்துக்கு வருகிறவர்களை நான் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். ஒரு நாள்கூடத் தவறாமல் வருகிற, மன உறுதி மிகுந்த மனிதர்கள்கூட மூன்று ஆண்டுகளுக்குப் பின்னும் அதே வேகத்தில், அதே மூச்சிரைப்போடு, கூடுதலாகத் தோள்வலியோடு நீந்துகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். உழைப்பு குறைவாக இருப்பதால் இது நேர்வதில்லை. பிழையான அசைவை ஆயிரக்கணக்கான முறை திரும்பச் செய்யும்போது உடல் அந்தப் பிழையையே நன்றாகப் பழகிக்கொள்கிறது. ஆகவே, இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்துவது ஒன்றைத்தான்: சில மாதங்களுக்கு எத்தனை நீளம் நீந்தினோம் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டு, ஒரு நீளத்துக்கு எத்தனை கைவீச்சு ஆகிறது என்று எண்ணத் தொடங்குங்கள்.

முதலில் எண்ணிப் பாருங்கள்

வழக்கமான வேகத்தில் ஒரு நீளம் நீந்துங்கள். வலக்கை நீரில் இறங்குவது ஒன்று, இடக்கை இறங்குவது இரண்டு என்று எண்ணிக்கொண்டு போனால், கிணற்றில் பழகிய பலருக்கு 25 மீட்டருக்கு இருபத்தெட்டு, முப்பது என்று வரும். நல்ல பயிற்சி உள்ளவர்கள் அதே தொலைவைப் பதினாறு, பதினெட்டு வீச்சுகளில் கடந்துவிடுவார்கள். உயரமானவர்களுக்கு எண்ணிக்கை இயல்பாகவே சற்றுக் குறையும் என்பதால், பக்கத்து லேனில் நீந்துகிறவரோடு ஒப்பிட வேண்டாம். உங்களுடைய பழைய எண்ணிக்கையோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஒரு நீளத்துக்கு இருபத்தெட்டு வீச்சு எடுப்பவர் ஒரு கிலோமீட்டருக்கு 1,120 முறை தோளைச் சுழற்றுகிறார். அவரே இருபதுக்கு வந்துவிட்டால் அது 800 ஆகும். ஒவ்வொரு கிலோமீட்டரிலும் 320 சுழற்சிகள் மிச்சமாகின்றன என்பது, ஐம்பது வயதுத் தோளுக்குச் சிறிய நிம்மதி அல்ல.

இந்த மிச்சம் கையை இன்னும் பலமாக இழுப்பதால் வருவதில்லை என்பதைப் புரிந்துகொள்வது முக்கியம். நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. வேகம் இரு மடங்கானால் நீரின் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது, அதைத் தாங்கிச் செல்லத் தேவையான திறன் எட்டு மடங்காகிறது. பத்து விழுக்காடு வேகத்தைக் கூட்டுவதற்கே மூன்றில் ஒரு பங்கு கூடுதல் திறன் வேண்டும். அந்தத் திறனை உடற்பயிற்சியால் சேர்ப்பதைவிட, உடலை நீருக்கு எதிரே சிறியதாகவும் நீளமாகவும் வைத்துக்கொண்டு எதிர்ப்பைக் குறைப்பது மிக எளிது. 1992 பார்சிலோனா, 1996 அட்லாண்டா ஆகிய இரு ஒலிம்பிக் போட்டிகளிலும் 50 மீட்டர், 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தங்கங்களை வென்ற அலெக்சாண்டர் போபோவ், நீண்ட, அவசரமற்ற கைவீச்சுக்காகவே பெயர்பெற்றவர்.

மூச்சு

மற்ற எல்லாத் திருத்தங்களுக்கும் முன்னால் மூச்சைச் சரிசெய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மூச்சுக்குத் தவிக்கிற உடல், கையைப் பற்றியோ காலைப் பற்றியோ சொல்லப்படும் எதையும் கேட்காது. கிணற்று நீச்சலில் முகம் வெளியே இருப்பதால், மூச்சை நீருக்குள் விடும் பழக்கமே உருவாவதில்லை. முகத்தை நீருக்குள் வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறோம். தலை வெளியே வந்த அந்தக் கணத்திலேயே அதை விட்டுவிட்டு உடனே இழுக்கவும் முயல்கிறோம். அந்த நேரம் இரண்டுக்கும் போதாது. நெஞ்சுக்குள் கரியமில வாயு தங்கிவிடுவதால்தான், போதுமான காற்று இருக்கும்போதே மூச்சு முட்டுவதைப் போன்ற தவிப்பு எழுகிறது. இரண்டாவது நீளத்திலேயே சோர்ந்துபோகிறவர்களில் பலரிடம் உள்ள குறை உடல்வலுவில் இல்லை, இந்த அடக்கிவைத்த மூச்சில்தான் இருக்கிறது.

இதற்கான பயிற்சியை ஆழம் குறைந்த பக்கத்தில், சுவரைப் பிடித்துக்கொண்டு தொடங்குங்கள். முகத்தை நீருக்குள் வைத்து, மூக்கின் வழியாகவும் வாயின் வழியாகவும் குமிழிகள் மெதுவாக, இடைவிடாமல் வெளியேறும்படி விடுங்கள்; முகத்தை வெளியே எடுத்தவுடன் இழுக்க மட்டும் செய்யுங்கள். இருபது முப்பது முறை செய்த பிறகும் இரைக்காமல் இருந்தால், அதே தாளத்தை நீச்சலுக்குள் கொண்டுசெல்லுங்கள். முதல் இரண்டு வாரம் இதைத் தவிர வேறு எதையும் திருத்த முயல வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். மூச்சை அடக்கி நீருக்கடியிலேயே குளத்தைக் கடப்பது, அதற்கு முன்பு வேகவேகமாகப் பலமுறை மூச்சை இழுத்துவிடுவது ஆகியவற்றை இளைஞர்கள் பந்தயம் கட்டிச் செய்கிறார்கள். அப்படிச் செய்யும்போது எந்த முன்னறிகுறியும் இல்லாமல் நினைவு தப்பிவிடக்கூடும். நன்கு நீந்தத் தெரிந்தவர்களே இப்படி உயிரிழந்திருக்கிறார்கள். அதைத் தயவுசெய்து யாரும் பழக வேண்டாம். பக்கத்தில் யாராவது செய்தால் தடுத்துவிடுங்கள்.

தலையும் இடுப்பும்

காற்று நிறைந்த நுரையீரல் இருப்பதால் மார்பு மிதக்கிறது. கனமான தொடையும் காலும் தாழ்கின்றன. உடல் நீர் இறைக்கும் ஏற்றத்தைப் போலத்தான்: ஒரு முனையைத் தூக்கினால் மறுமுனை இறங்கும். தலையை உயர்த்தி எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு நீந்துகிறவரின் கால்கள் அரை மீட்டர் ஆழத்தில் தொங்குவதைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால், அவர் எவ்வளவு அகலமான உடலை நீருக்குள் தள்ளிக்கொண்டு போகிறார் என்பது விளங்கும். அவரும் கால் தாழ்வதை உணர்ந்து இன்னும் வேகமாக உதைப்பார். அதனால் மூச்சு வாங்கும். மூச்சுக்காகத் தலையை இன்னும் தூக்குவார்.

பார்வையை நேர் கீழே, குளத்தின் தரையில் உள்ள கறுப்புக் கோட்டின் மீது வையுங்கள். பின்கழுத்து நீண்டு, பின்னந்தலையின் சிறு பகுதி மட்டும் நீருக்கு மேலே தெரிந்தால் போதும். சுவரை உதைத்துக் கிளம்பி, இரு கைகளையும் தலைக்கு முன்னே நீட்டி, கால்களை அசைக்காமல் மிதந்து செல்லுங்கள். முதல் முறை தலையை நிமிர்த்தியும், இரண்டாம் முறை தாழ்த்தியும் செய்து, எந்த முறை அதிகத் தொலைவு சென்றீர்கள் என்று பாருங்கள். வேறு எந்த விளக்கமும் தேவைப்படாத அளவுக்கு அந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

மூச்சை இழுப்பதற்கும் தலையைத் தூக்கக் கூடாது. உடலோடு சேர்த்துத் திருப்ப வேண்டும். நீச்சல் கண்ணாடியின் ஒரு பக்கம் நீருக்குள்ளும் மறுபக்கம் வெளியேயும் இருந்தால் திருப்பிய அளவு சரி. நீந்தும்போது தலைக்கு முன்னால் நீர் எழும்பி, வாயருகே ஒரு சிறு பள்ளம் உண்டாகிறது. அந்தப் பள்ளத்திலிருந்தே காற்றை இழுத்துக்கொள்ளலாம். வாயில் நீர் புகுந்துவிடும் என்ற அச்சம்தான் இங்கே பெரிய தடை. நீர் சில முறை புகத்தான் செய்யும், துப்பிவிட்டுத் தொடருங்கள்.

பக்கம் சாய்ந்து செல்லுதல்

மார்பைத் தட்டையாக வைத்து நீந்துகிறவர் தோளின் சிறிய தசைகளால் மட்டுமே நீரை இழுக்கிறார். இடுப்பும் தோளும் சேர்ந்து ஒவ்வொரு வீச்சுக்கும் ஒருபுறம் சாயும்போது முதுகின் பெரிய தசைகள் வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன; முன்னே நீளும் கையும் இன்னும் சற்று எட்டுகிறது. இதைப் பழக, ஒரு கையை முன்னே நீட்டி, மறு கையைத் தொடையோடு ஒட்டி, பக்கவாட்டில் படுத்தபடி ஆறு முறை உதைத்துவிட்டு, ஒரு வீச்சில் மறுபக்கம் மாறுங்கள். தொடக்கத்தில் இது தடுமாற்றமாக இருக்கும். ஃபின்ஸ் என்னும் கால்துடுப்புகளைப் போட்டுக்கொண்டு செய்வதில் தவறில்லை.

கை

கிணற்று நீச்சலில் கை நீரை அடித்து இறங்குகிறது. ஓசையும் நுரையும் மிகுதி, பிடிப்போ குறைவு. கை, தோளுக்கு நேர் முன்னே, விரல் நுனிகள் முதலில் இறங்கும்படி அமைதியாக நுழைய வேண்டும். கட்டைவிரல் கீழே இருக்கும்படி உள்ளங்கையை வெளிப்புறம் திருப்பி நுழைப்பதும், தலைக்கு முன்னே நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் கையை இறக்குவதும் தோள்மூட்டை நெருக்குகின்றன. எனக்கு வந்த தோள்வலிக்குக் காரணம் இந்த இரண்டாவது பழக்கம்தான் என்பதை, கரையில் நின்ற ஒரு நண்பர் கைப்பேசியில் எடுத்த அரை நிமிடக் காணொளியைப் பார்த்த பிறகே நான் நம்பினேன். அதுவரை என் கை நேராகத்தான் செல்கிறது என்று உறுதியாக எண்ணியிருந்தேன். உங்களையும் யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் குளத்தின் பொறுப்பாளரிடம் அனுமதி பெறுங்கள், மற்றவர்கள் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கை நுழைந்த பின் முழங்கை மேலேயே நிற்க, முன்கை மட்டும் கீழே மடங்கி, உள்ளங்கை பின்புறம் பார்க்க வேண்டும். ஒரு பீப்பாயின் மேல் கையைப் போட்டு அணைப்பதைப் போன்ற நிலை அது. முழங்கை முதலில் விழுந்துவிட்டால், கை நீரைப் பின்னால் தள்ளாமல் கீழே அழுத்துகிறது. உடல் மேலே எழும்புமே ஒழிய முன்னே போகாது. இதை உணர்வதற்குச் சிறந்த வழி, விரல்களை மடக்கி முஷ்டியாக வைத்துக்கொண்டு இரண்டு நீளம் நீந்துவது. உள்ளங்கை இல்லாதபோது முன்கையால் நீரைப் பிடிக்க வேண்டிய கட்டாயம் உண்டாகிறது. மூன்றாவது நீளத்தில் கையை விரித்ததும் நீர் கெட்டியாகிவிட்டதைப் போலத் தோன்றும். பேடில்ஸ் என்னும் கைப்பலகைகளை இந்தக் கட்டத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன். பிழையான அசைவின் சுமையை அவை தோளில் இன்னும் கூட்டுகின்றன.

வீச்சைக் குறைக்க வேண்டும் என்ற ஆவலில், ஒவ்வொரு வீச்சுக்குப் பின்னும் கையை நீட்டியபடி நெடுநேரம் மிதந்து செல்வதும் தவறு. வேகம் அற்றுப்போய், ஒவ்வொரு முறையும் நின்ற வண்டியைத் தள்ளுவதைப் போல மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும். எண்ணிக்கை குறைந்து, நேரம் கூடியிருந்தால் அது முன்னேற்றம் ஆகாது. ஒரு நீளத்துக்கான நொடிகளையும் வீச்சுகளையும் கூட்டிக்கொண்டு, அந்தக் கூட்டுத்தொகை குறைகிறதா என்று பாருங்கள். முப்பது நொடியும் இருபத்தெட்டு வீச்சும் சேர்ந்தால் ஐம்பத்தெட்டு. அது ஐம்பதை நெருங்கினால் திருத்தம் சரியான வழியில் போகிறது.

கால்

காலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சைக்கிள் மிதிப்பதைப் போல முழங்காலை மடக்காமல், இடுப்பிலிருந்து சிறிதாக உதையுங்கள். கணுக்கால் தளர்ந்து, பாதம் பின்னோக்கி நீண்டிருக்க வேண்டும். அது இறுகியிருப்பவர்கள் வீட்டில் தினமும் சில நிமிடம் வஜ்ராசனத்தில் உட்கார்ந்தால் மெல்ல இளகும், முழங்கால் வலி உள்ளவர்கள் அதைத் தவிர்க்கட்டும்.

நாற்பது நிமிடத்தைப் பிரித்துக்கொள்வது

முதல் எட்டு நிமிடம் மிக மெதுவாக நீந்தி உடலைச் சூடாக்குங்கள். அடுத்த பதினைந்து நிமிடம், அந்தந்த வாரத்துக்கு எடுத்துக்கொண்ட ஒரே ஒரு திருத்தத்துக்கான பயிற்சி மட்டும். பிறகு எட்டு அல்லது பத்து நீளங்களைத் தனித்தனியாக, ஒவ்வொன்றுக்கும் இடையே இருபது முப்பது நொடி ஓய்வோடு, வீச்சை எண்ணிக்கொண்டு நீந்துங்கள். எண்ணிக்கை திடீரென்று இரண்டு மூன்று கூடிவிட்டால் உடல் களைத்துவிட்டது என்று பொருள். அதற்கு மேல் நீந்தினால் பழைய பிழையையே பழகுவீர்கள், ஆகவே அங்கேயே நிறுத்திவிட்டு மல்லாந்து படுத்து மெதுவாகக் கரைசேருங்கள். ஒரு திருத்தத்துக்கு இரண்டு வாரமாவது கொடுங்கள். புதிய அசைவில் முதல் சில நாட்கள் பழைய வேகத்தைவிடக் குறைந்துதான் போவீர்கள், பக்கத்து லேன்காரர்கள் முந்திச் செல்வார்கள். பலர் இந்த இடத்தில்தான் பழைய நீச்சலுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

வேலூர் வெயிலையும் கணக்கில் கொள்ளுங்கள். போட்டிக் குளங்களின் நீர் 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை வைக்கப்படுகிறது. கத்திரி வெயிலில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில், கூரையில்லாத நம் குளங்களின் நீர் மாலையில் வெதுவெதுப்பாகிவிடுகிறது. நீரில் இருப்பதால் வியர்ப்பது தெரியாது, ஆனால் வியர்க்கிறது. அம்மாதங்களில் காலையில் மட்டும் நீந்துங்கள், கரையில் ஒரு பாட்டில் குடிநீர் வைத்துக்கொண்டு இடையிடையே குடியுங்கள்.

மூச்சு, தலை, சாய்வு, கை என்ற வரிசையில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம் வைத்தால் இரண்டு மாதத்தில் ஒரு சுற்று முடியும். அதன்பிறகு தொடர்ச்சியாக நான்கு நீளம் நீந்தி, முதல் நீளத்தின் எண்ணிக்கைக்கும் நான்காவதின் எண்ணிக்கைக்கும் உள்ள வேறுபாடு இரண்டுக்குள் இருந்தால், அடுத்த வாரம் அதை ஆறு நீளமாக்குங்கள். இரண்டைத் தாண்டினால் இன்னும் ஒரு வாரம் நான்கிலேயே இருந்து, எந்தத் திருத்தம் முதலில் கைவிட்டுப் போகிறது என்று கவனித்து, அதன் பயிற்சிக்கு மட்டும் திரும்புங்கள்.